நெடுங்கோட்டை கதையில ஏப்ரலை ஏன் முழுங்கிடுறீங்க?

டிசம்பர் கடைசி வந்தா போதும், நம்ம குமரி மாவட்ட குரூப்ல எல்லாம் அந்த ஃபார்வேர்ட் சுத்த ஆரம்பிச்சிரும், திருவிதாங்கூர் வீரங்க இருபதே பேரு சேந்து திப்பு சுல்தானை ஓட ஓட விரட்டினாங்கன்னு. அப்படியே பொய்யின்னு சொல்லல. 1789 டிசம்பர் 28 ராத்திரி திப்பு படை மலைப்பக்கமா சுத்திவந்து விடியுறப்ப நெடுங்கோட்டைக்குள்ள, அதாவது திருவிதாங்கூர் வடக்கு எல்லையைக் காக்க கட்டின நீள மதிலுக்குள்ள ஏறிட்டாங்க, மதில் ஓரமாவே ஜெயிச்சுக்கிட்டு போனவங்க மேல மறைஞ்சிருந்த ஒரு சின்ன கூட்டம் பக்கவாட்டுல சுட ஆரம்பிச்சதும் முன்னால போனவன் திரும்ப, பின்னால வந்தவன் தள்ள, மொத்தமா அகழிக்குள்ள விழுந்து மிதிபட்டே செத்தவங்க ஏராளம். திப்புவோட பல்லக்கு கூட மாட்டிக்கிச்சு. அவர் கால் ஊனமானது அன்னைக்குத்தான்னு சொல்றவங்களும் உண்டு, அதை நான் அவ்வளவா நம்புறதில்ல.

சரி, அப்புறம்?

1790 ஏப்ரல்ல பெரிய பீரங்கிங்களோட மறுபடி வந்து அதே மதிலை உடைச்சு உள்ள பூந்துட்டாரு. கொடுங்கல்லூர் போச்சு, ஆலுவா வரைக்கும் வந்தாச்சு. பெரியாத்துல மழைத்தண்ணி ஏற, இந்தப் பக்கம் திருச்சியில ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனிப் படை கூட, மே மாசம் திரும்பிப் போனாரு. ஃபார்வேர்ட்ல இந்தப் பாதி மட்டும் எப்பவும் காணாம போயிரும்!

அதுக்காக கோட்டை வேஸ்ட்னு சொல்ல வரல. கடற்கரை கிருஷ்ணன்கோட்டையில இருந்து ஆனைமலை அடிவாரம் வரைக்கும் ஏறக்குறைய 48 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் மதில், முன்னால ஆழமா அகழி, நெருக்கமா மூங்கிலும் முள்ளும். எதிரியை இழுத்தடிக்க இது போதும், நாலு மாசம் இழுத்தடிச்சதே பெரிய விஷயம். ஆனா அந்த நாலு மாசத்துல காப்பாத்த வந்தவன் யாரு? கம்பெனிக்காரன். சும்மாவா வந்தான்? சண்டைச் செலவுக்கு நம்ம ராஜாகிட்டயே பில்லு நீட்டினான், 1795ல ஒப்பந்தம் போட்டு படைச்செலவையும் வருஷா வருஷம் தலையில கட்டினான். திப்புவுக்கும் 1792ல பாதி ராஜ்யம் போச்சு. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதுல லாபம் பாத்தது அவன்தான்.

அந்த மதிலைக் கட்டின டிலனாய், 1741ல குளச்சல்ல தோத்து சரணடைஞ்ச டச்சுப் படை அதிகாரி, இங்கேயே தளபதியாகி 'வலிய கப்பித்தான்'னு (பெரிய கேப்டன்) பேரெடுத்தவரு. 1777லயே செத்துட்டாரு, தன் மதில் தாக்குப்பிடிச்சதையும் பாக்கல, உடைஞ்சதையும் பாக்கல. தக்கலை பக்கத்துல உதயகிரி கோட்டைக்குள்ள கல்லறை இருக்கு, லத்தீனோட தமிழும் கல்லுல வெட்டியிருக்கு. நான் போனப்ப ஒரு ஜோடி அதுக்கு முன்னால நின்னு செல்ஃபி எடுத்துட்டு, 'யாருண்ணே இது, ஏதாவது சாமியாரா'ன்னு எங்கிட்டயே கேட்டாங்க.