பிரையன் கிளஃப் சுமாரான ஆட்டக்காரரா?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் பற்றி, 'ஆட்டக்காரராகச் சோபிக்காததால்தான் பயிற்சியாளர் ஆனார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. மிடில்ஸ்பரோ அணிக்கு 213 லீக் ஆட்டங்களில் 197 கோல், சண்டர்லேண்ட் அணிக்கு 61 ஆட்டங்களில் 54. மொத்தம் 274 ஆட்டங்களில் 251! இதைச் சுமார் என்றால் வேறு யாரைத்தான் நல்ல ஆட்டக்காரர் என்பது?

சரி, ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். இந்தக் கோல்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இரண்டாம் டிவிஷனில், அதாவது உச்ச லீக்குக்கு அடுத்த நிலையில், அடித்தவை. இங்கிலாந்துக்காகவும் இரண்டே ஆட்டம்தான்.

ஆனால் அவர் விளையாட்டை விட்டது திறமைக் குறைவால் இல்லை. 1962 டிசம்பர் 26 அன்று, பெரி அணிக்கு எதிரான ஆட்டத்தில், கோல்கீப்பரோடு மோதி முழங்கால் தசைநார் அறுந்தது. அப்போது வயது 27. இன்றைய அறுவைச் சிகிச்சை அன்று இல்லை. 1964இல் திரும்பி வந்து மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. 1965இல் ஹார்ட்ல்பூல்ஸ் அணியின் மேலாளரானார். டார்பி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளின் மேலாளர் பொறுப்பு, ஃபாரஸ்டோடு 1979லும் 1980லும் வென்ற ஐரோப்பியக் கோப்பை எல்லாம் அப்புறம் வந்தவை.