200 பெயர்கள்

இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், பயிற்சி அறையில் ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து 200 பெயர்களை எழுதச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தெருமுனை மளிகைக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. பெயருக்கு நேரே என்ன உறவு, என்ன வேலை, மாதம் எவ்வளவு வரும், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எழுத வேண்டும். வீட்டில் மொய் நோட்டு இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள், சீக்கிரம் முடியும் என்று பயிற்சியாளரே வழி சொன்னார். நான் 163 வரை எழுதிவிட்டேன். மீதிக்கு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பையனுக்கு நல்ல கம்பெனியில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

அந்தப் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நேச்சுரல் மார்க்கெட்'. முதலில் பாலிசி விற்க வேண்டிய தெரிந்தவர்கள் என்று அர்த்தம்.

மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் 2016 முதல் 2020 வரை சேல்ஸ் மேனேஜராக இருந்தேன். போன வாரம் ஒரு பதிவுக்குக் கீழே, "இன்சூரன்ஸ்காரன் எல்லாருமே ஏமாத்துக்காரன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அப்பாவின் பணம் போயிருக்கிறது. அவர் கோபம் நியாயம். ஆனால் அவர் திட்டுகிற அந்தப் பையன் எப்படி அவர் வீட்டு வாசலுக்கு வந்தான் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் புகாரும் ஊழியரின் புகாரும் வேறு வேறு இல்லை, இரண்டும் ஒரே டார்கெட்டிலிருந்து வருகின்றன. நான்கு வருடம் உள்ளே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

மேனேஜர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று ஊரில் நினைப்பார்கள். என் கீழே ஊழியர் என்று ஒருவர்கூடக் கிடையாது. நானே ஆள் பிடித்து, ஐசி-38 தேர்வு எழுத வைத்து, ஏஜென்ட் ஆக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும்தான். அவர்களும் முதலில் தங்கள் சொந்தக்காரர்களிடம்தான் போவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சொந்தம் தீர்ந்துவிடும், ஏஜென்ட்டும் வருவதை நிறுத்திவிடுவார். அப்புறம் அடுத்த ஆள், அடுத்த மொய் நோட்டு. எனக்குச் சம்பளம் 18,000 ரூபாய். அதற்கு இத்தனை மடங்கு பிரீமியம் கொண்டு வந்தால்தான் வேலை நிற்கும் என்று ஒரு கணக்கு.

காலை ஒன்பதே காலுக்கு ஹடில். வட்டமாக நின்று, இன்றைக்கு என்ன நம்பர், அதாவது எவ்வளவு பிரீமியம், தருவேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். "பாக்குறேன் சார்" என்று சொன்னால் எல்லார் முன்னாடியும் நிற்க வைத்து, "வீட்ல சோறு போடுறாங்களா உனக்கு?" என்று கேட்பார்கள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்த என் நண்பனிடம் அப்படிக் கேட்டார்கள். மத்தியானம் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்ப வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு கான்கால். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதத்தையும் சேர்த்து ஜேஎஃப்எம் என்பார்கள். அந்தக் காலத்தில் ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உழைப்பதற்கு அஞ்சிய ஆள் இல்லை நான். என்னை உடைத்தது வேறு.

2018 மார்ச் 29. டார்கெட்டுக்கு எனக்கு இன்னும் ஒரு லட்சம் குறைவாக இருந்தது. நோட்டில் மிச்சமிருந்த பெயர்களில் சித்தப்பா பெயர் இருந்தது. ராஜபாளையத்தில் நூல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். பி.எஃப். பணம் வந்திருந்தது எனக்குத் தெரியும். வருடம் ஒரு லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி அது. ஓய்வு பெற்ற மனிதரால் எப்படிக் கட்ட முடியும்? "இந்த வருஷம் கட்டுங்க சித்தப்பா, அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். பாலிசி கொடுப்பதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வரும். திட்டம் புரிந்ததா, எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று தெரியுமா என்று கேட்பார்கள். வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதற்காக வைத்த அழைப்பு அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஆமான்னு சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவரும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொன்னார். என் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னார்.

அடுத்த வருடம் அவரால் கட்ட முடியவில்லை. பாலிசி காலாவதியாகிவிட்டது. அந்த மாதிரிப் பாலிசியை ஒரு வருடத்தோடு நிறுத்தினால் அப்போது ஒரு பைசாகூடத் திரும்ப வராது. 2024 அக்டோபரிலிருந்து விதி மாறியிருக்கிறது, முதல் வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே ஓரளவு சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் பணம், உண்டு. புதிய பாலிசிகளுக்குத்தான். சித்தப்பாவுக்கு அது உதவாது.

அவர் என்னிடம் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் பார்த்தபோது, "சாப்பிட்டியாப்பா" என்றார். கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.

செய்தது நான்தான், அதை யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அந்த மார்ச்சில் எங்கள் கிளையில் இருந்த பதினோரு சேல்ஸ் மேனேஜர்களில், இப்படி ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேர் கிரெடிட் கார்டில் தாங்களே பிரீமியம் கட்டி நம்பரை முடித்தார்கள். ஒருவர் மனைவியின் செயினை அடகு வைத்தார். கமிஷனில் பங்கு தருகிறேன் என்று ஆசை காட்டிப் பாலிசி விற்பதை 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை செய்கிறது. எங்களிடம் அது பயிற்சியில் வாசித்த பிரிவு, அவ்வளவுதான்.

ஆயுள் காப்பீடு கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். திருமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் ஏஜென்ட் அக்கா ஒருவர் 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி, போட்டுக் கொடுத்தார். பதினான்கு மாதத்தில் அவர் விபத்தில் இறந்துவிட்டார். பணம் முழுதாக வந்தது. அந்தக் குடும்பம் இன்றும் அதே வீட்டில் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்குத்தானே இந்தத் தொழில்? ஆனால் டேர்ம் பாலிசியில் பிரீமியம் குறைவு, வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். டார்கெட் பிரீமியத்தில் இருக்கிறது, எத்தனை குடும்பத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பதில் இல்லை. அந்த அக்காவின் பெயர் அந்த மாத ரிவ்யூவில் கடைசி வரிசையில் இருந்தது. ஒரு குடும்பத்துக்குத் தேவையானதை விற்றவருக்கு அந்த இடம்.

எதிர்த்துக் கேட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம் போய்க் கேட்பது? எல்ஐசியில் ஊழியர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் 1951லிருந்தே இயங்குகிறது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி நாங்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வந்து அதன் பாதுகாப்பைப் பெறுவோமா என்பதே சிக்கலாக இருந்தது. எங்களைப் போலவே ஏஜென்ட்களைச் சேர்க்கிற எல்ஐசியின் வளர்ச்சி அதிகாரிகள் தொழிலாளிகள்தான் என்று 1983இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2015இல் இல்லை என்று சொல்லிவிட்டது. அவர்களுக்கே அப்படி என்றால், மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கப்பட்ட எங்கள் கதி என்ன? 18,000 ரூபாய்க்கு அந்தப் பட்டம் எதற்கு என்று பின்னால்தான் புரிந்தது.

2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கி அதிகாரி, இன்சூரன்ஸ் நம்பர் வரவில்லை என்று வீடியோ காலில் ஊழியர்களைக் கத்தித் திட்டிய காட்சி நாடு முழுக்கப் பரவியது. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. அத்தோடு எல்லாரும் அமைதியானார்கள். அவருக்கு அந்த நம்பரைக் கொடுத்தது யார் என்று பெரிதாகப் பேச்சு எழவில்லை. எனக்கு அவர் மேல் கோபத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது.

பாலிசிகள் 13ஆம் மாதத்திலும் 61ஆம் மாதத்திலும் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கின்றன என்று ஒவ்வொரு நிறுவனமும் கணக்கு வெளியிட வேண்டும். பெர்சிஸ்டன்சி என்பார்கள். அது குறைந்தால் எங்கள் இன்சென்டிவில் வெட்டு விழுந்தது. மார்ச் 31 ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு "எங்கிருந்தாவது கொண்டு வா" என்று சொன்ன ஏரியா மேனேஜர் ஜூனில் பதவி உயர்வில் கோவைக்குப் போனார். அந்த 61ஆம் மாதக் கணக்கை வைத்து மேலே இருப்பவர்களின் போனஸைத் தீர்மானியுங்கள். தேவையில்லாத பாலிசியை விற்கச் சொல்லிக் கீழே யாரும் கத்த மாட்டார்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

2020 பிப்ரவரியில் ராஜினாமா கொடுத்தேன். இப்போது ஒரு பைப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சித்தப்பாவின் பணத்தை மாதம் மூவாயிரமாகச் சித்தி கையில் கொடுத்துவருகிறேன், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 41 பேர் என் மூலமாகப் பாலிசி எடுத்தவர்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பாலிசி பத்திரத்தை எடுத்துக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தினால் எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். தவறாகச் சொல்லி விற்றது என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுப்போம், பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நான் அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னேன் என்பதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.