மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி டேட்டா சென்டர் வேண்டாம்

வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிற தமிழர்களில் என்னைப் போலப் பலருக்குச் சோறு போடுவது ஐ.டி. வேலைதான். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கிற பெரிய கட்டடமான டேட்டா சென்டர் என்றாலே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டி 2,100 ஏக்கரில் 37 டேட்டா சென்டர்கள் வரை கட்டலாம் என்று பிரின்ஸ் வில்லியம் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 2023 டிசம்பரில் கொடுத்த அனுமதி பெரிய தப்பு. அதை எதிர்த்து நிற்கிற அக்கம்பக்கத்து மக்கள் பக்கம்தான் நான். நண்பர் ஒருவர் "வெறும் புல்வெளிக்கு ஏன்பா இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அடிமைமுறையை வைத்து வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை, 1861 ஜூலை 21, இங்கேதான் நடந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஜூடித் ஹென்றி என்ற 85 வயதுப் பாட்டி தன் வீட்டுக்குள்ளேயே பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே மண்ணில் மறுபடியும் மூன்று நாள் சண்டை. அந்த இரண்டாவது சண்டையில் செத்தவர்களில் இரண்டு பேர் 2014இல் வெளியே வந்தார்கள். பூங்காவுக்குள் ஏதோ லைன் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் தட்டுப்பட, ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு எலும்புக்கூடுகள், கூடவே அறுத்தெடுத்த கை கால்கள். போர்க்கள மருத்துவர்கள் சிகிச்சை செய்த இடத்தில் வெட்டிய குழி அது. ஒருவருடைய தொடை எலும்பில் துப்பாக்கிக் குண்டு அப்படியே செருகிக் கிடந்தது. 2018இல் இரண்டு பேரையும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

பூங்கா எல்லைக்குள் கிடந்ததால் அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்தது. எல்லைக்கு வெளியே அஸ்திவாரம் தோண்டும்போது யார் நின்று பார்க்கப் போகிறார்கள்? 1862 ஆகஸ்ட் 28 சாயங்காலம் பிரானர் பண்ணையில் இரண்டு படையும் சுமார் 80 கஜ தூரத்தில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள். அந்தப் பண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள், பேஜ்லேண்ட் லேன் என்ற சாலையைத் தாண்டினால் திட்டப் பகுதி வந்துவிடும். அடிபட்டு ஓடியவனும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் பின்னால் யாரோ போடப்போகிற வேலியைப் பார்த்தா ஓடியிருப்பார்கள்?

அடிமைமுறைக்காகச் சண்டை போட்டவர்களின் நினைவை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இதே பூங்காவில்தான் ஜேம்ஸ் ராபின்சன் என்ற சுதந்திரமான கறுப்பின விவசாயியின் வீட்டு அடித்தளமும் இருக்கிறது. நிலம் போனால் அவர் கதையும் சேர்ந்துதான் போகும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. 1988இல் ஸ்டூவர்ட்ஸ் ஹில்லில், அதாவது இரண்டாவது சண்டையில் தெற்குப் படைத் தளபதி லீ முகாமிட்டிருந்த மேட்டில், 542 ஏக்கரில் ஷாப்பிங் மால் கட்ட ஒரு நிறுவனம் வந்தது. ஆனி ஸ்னைடர் என்ற உள்ளூர்ப் பெண்மணி ஆட்களைத் திரட்டி, கையெழுத்து வாங்கி, விஷயத்தை வாஷிங்டன் வரைக்கும் கொண்டுபோனார். மண் வெட்ட ஆரம்பித்த பிறகு, அந்த நவம்பரில் அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் நிலம் அரசுக்கு வந்தது. அதற்கு அரசு கொடுத்த விலை 13 கோடி டாலருக்கு மேல்! கவுண்டி அனுமதி கொடுத்த பிறகு மீட்கப் போனால் இப்படித்தான் ஆகும், அதனால் அனுமதிக்கு முன்னாலேயே மக்கள் பேச வேண்டும், அவர்கள் பேச வேண்டுமென்றால் விஷயம் அவர்கள் காதுக்கு வர வேண்டும்.

இந்தத் தடவை என்ன நடந்தது? 2023 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கருத்துக் கேட்பு சுமார் 27 மணி நேரம் ஓடியது. விடிய விடிய ஆட்கள் வந்து பேசினார்கள். ஜனவரியில் புதுத் தலைவர் பொறுப்பேற்க இருந்த நேரத்தில், கவுண்டியை நடத்துகிற பழைய வாரியம் போகிற போக்கில் 4–3 என்று ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. ஓக் வேலி குடியிருப்போர் சங்கத்தினர் வழக்குப் போட்டார்கள். கூட்டத்துக்கான அறிவிப்பைச் சட்டப்படி பத்திரிகையில் வெளியிடவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிபதி அனுமதியையே செல்லாது என்றார். வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. "டெக்னிக்கல் காரணம்தானே" என்று பலர் இதைச் சாதாரணமாகப் பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த அறிவிப்பு ஒன்றுதான் சாதாரண ஆளை உள்ளே விடுகிற கதவு. அதையும் சாத்திவிட்டால் கோடிகளில் விலை பேசுகிற கம்பெனிக்கு எதிரில் வீட்டுக்கடன் கட்டுகிறவன் என்ன செய்ய முடியும்?

பேஜ்லேண்ட் லேன் நிலக்காரர்கள் பலரே விற்க முன்வந்தவர்கள் என்பதும் உண்மை. உயரழுத்த மின்கம்பி தலைக்கு மேல் போகிற இடத்தில் இனி என்ன நிம்மதி என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்கன் பேட்டில்ஃபீல்டு டிரஸ்ட் இப்படித்தான் நன்கொடை திரட்டி, சில இடத்தில் நிலத்தையே வாங்கி, சில இடத்தில் கட்டடம் கட்டும் உரிமைக்கு மட்டும் பணம் கொடுத்து விவசாயத்தைத் தொடரவிட்டு, நாடு முழுக்க 60,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. கவுண்டியும் மாநிலமும் இந்தப் பணத்தில் பங்கு போட வேண்டும்.

அந்தக் கவுண்டியில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டு இல்லை, எச்1பி விசாவில் இருக்கிறோம் என்று ஒதுங்காதீர்கள். கருத்துக் கேட்பில் பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. அடுத்த கூட்ட அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுங்கள், ஐ.டி.யில் இருப்பவர்கள் என்றே சொல்லிப் பேசுங்கள். டேட்டா சென்டரை வேறு இடத்தில் கட்டலாம் என்று நாம் சொன்னால் யாரும் நம்மைத் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று தள்ள முடியாது.