கையில் இருக்கும் செரினும் திருகோணமலை மீனும்

மேலே ஒருவர், "மனிதத் தோலில் செரின் இருக்கு, அதை மணந்தால் எந்த மீனும் ஓடும், கையுறை இல்லாமல் இரை கொளுவாதீங்க" என்று எழுதியிருக்கிறார். அரைவாசிதான் சரி, தம்பி. இந்தக் கதைக்கு அடிப்படை, கனடாவில் செய்யப்பட்டு 1956இல் வெளிவந்த ஓர் ஆய்வு; அது முட்டையிட ஆற்றில் மேலேறும் சால்மன் மீன் பற்றியது. அந்த நேரம் அந்த மீன் இரையே எடுக்காது. கரடி போன்ற விலங்கின் மணம் என்று மிரண்டு நிற்கும். திருகோணமலை உட்துறைமுகத்தில் பசியோடு திரியும் பாரையும் விளைமீனும் வேற கதை. செரின் ஓர் அமினோ அமிலம், நீங்கள் கொளுவும் இறாலிலேயே அது இருக்கு!

ஆனால் மணம் முக்கியமில்லை என்று நினைக்க வேண்டாம். பாரையின் மூஞ்சியைக் கிட்டப் பாருங்கோ: கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு சின்னத் துளை. முன்துளையால் தண்ணீர் போய்ப் பின்துளையால் வரும், அதுதான் மூக்கு.

நான் பயப்படுவது போட் எஞ்சினுக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்க் கைக்கும், நுளம்புக்குப் பூசிய கிறீமுக்கும்தான். ஈர மணலால் விரலிடுக்கு வரை தேய்த்து, கடல்தண்ணியில் அலசி, ஒரு இறால்தலையை உள்ளங்கையில் நசுக்கிவிட்டு இரையைத் தொடுங்கோ. கையுறைக் காசுக்கு நல்ல கணவாய் வாங்கலாம்.