உடுக்கு வாங்கியவர்கள் அடித்தவரின் பெயரைக் கேட்கவில்லை

திருகோணமலைத் தம்பலகாமத்து உடுக்கு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பகிர்ந்து, ஊருக்குப் பெருமை சேர்ந்துவிட்டதாக எழுதிய நண்பர்கள், அதன் கீழுள்ள அட்டையையும் ஒருமுறை வாசித்திருக்கலாம். ‘கைமேளம், கிழக்கு மாகாணம்’ என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அடித்தவர் யார், எந்தச் சடங்கில் அடித்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதை விற்ற எங்கள் பெரியம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அரை மணி நேரம் திண்ணையில் இருந்து கேட்டிருந்தால், அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் தன் தகப்பன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றியதையும், இடைநூலை விரல்களால் இறுக்கியும் தளர்த்தியும் நாதத்தை ஏற்றி இறக்கியதையும் செய்தே காட்டியிருப்பார். வியர்வை ஊறிக் கறுத்திருந்த அந்த நூலை அழுக்கென்று அறுத்தெறிந்துவிட்டு, வெள்ளை நைலோன் கயிறு கட்டி, கட்டைக்கு வார்னிஷும் பூசியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

பிரசல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் தொடக்கத் தொகுப்பில், வங்காளத்து இசை அறிஞர் ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் 1876ஆம் ஆண்டு பெல்ஜிய அரசருக்கு அனுப்பிய ஏறத்தாழ நூறு இந்திய வாத்தியங்கள் உள்ளன. கொடுத்தவரின் பெயரை அன்று எழுதி வைத்ததால் இன்றும் அது நிற்கிறது. ராஜா கொடுத்தால் பெயர் இருக்கும், எங்கள் அம்மப்பா அடித்தால் பெயர் இருக்காது என்றால் அது என்ன நியாயம்?

வீட்டில் கிடந்திருந்தால் கறையான் தின்றிருக்கும் என்பார்கள். தின்றிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கறையானிடமிருந்து கட்டையைக் காப்பாற்ற வந்தவர்களுக்குக் கூடவே ஒரு பெயரையும் எழுதிக்கொள்ள என்ன தடை? காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்றும் கேட்பீர்கள். அந்தக் காசு எந்த நிலைமையில் தேவைப்பட்டது என்பதை இங்கே விளக்க எனக்கு விருப்பமில்லை. 1990 போர்க்கால இடப்பெயர்வில் அரிசியையும் சட்டிபானையையும் விட்டுவிட்டுச் சேலையில் சுற்றித் தூக்கிச் சென்ற சாமான் அது. அகதி முகாமின் ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகள் நனைந்தார்கள், உடுக்கு நனையவில்லை. அதற்கு இன்று ‘கைமேளம்’ என்று பெயர்.

அரசியல் பேசுகிறேன் என்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். அடுத்ததாக மூதூர்ப் பக்கம் தவிலும் நாகசுரமும் தேடி, உடுக்கை வாங்கியவர்களே வருவதாகக் கேள்வி. கொடுக்க நினைக்கும் உறவுகள், விலை பேசும் முன்னர் கொப்பியைத் திறந்து வாசித்தவரின் பெயரையும் கோயிலின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத நேரமில்லை என்றால், படலையோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.