முப்பந்தல் காற்றும் ஒரு பஞ்சர் கடையும்

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் உதவுவது அதிர்ஷ்டம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சைக்கிளில் போவதால்தான் அந்த உதவி கிடைக்கிறது; காரில் போகிறவனை யார் நிறுத்திப் பேசப்போகிறார்கள்? ஒரு ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு மிதித்தேன். காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக மூஞ்சியில் அடிக்க, முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன், போதாக்குறைக்குப் பின்சக்கரம் பஞ்சர். கடைக்கார அண்ணாச்சி ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தை உரசி, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். அப்புறம்தான் சிக்கல், என் சைக்கிளின் ஒல்லி வால்வு அவர் பம்புக்குப் பொருந்தவில்லை. என் பையிலிருந்த குட்டிப் பம்பை வாங்கி, வேர்க்க விறுவிறுக்க அவரே அடித்தார். காசு வாங்கவில்லை. "பஸ்ஸுக்குக் காசு இல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.