ஃபவுண்டேஷனை வெயிலில் பார்த்து வாங்குங்கள்

அக்கா மகளுக்கு வைகாசியில் காங்கயத்தில் கல்யாணம். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோரும் அவள் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். "ஏன் கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்படிப் பரு போட்டிருக்குது, எதாச்சும் பூசக்கூடாதா?" கேட்டுவிட்டுக் காபியைக் குடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரி கண்ணாடி முன்னால் நிற்பது அவள்தான்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பருவைச் சொன்னதும், முகம் ஒரே நிறமாகத் தெரியப் பூசுகிற ஃபவுண்டேஷனில், உள்ளதிலேயே கெட்டியானதை எடுத்து வைத்தார்கள். அதுவும் அவள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பு. எனக்கு மனசே ஆறவில்லை. ஏனென்றால் நான் அந்த வழியில் போய்த் திரும்பியவள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் கன்னமெல்லாம் பரு. கெட்டி ஃபவுண்டேஷனைப் பூசிக்கொண்டு காலை எட்டரைக்குப் போனால், வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவிவிட்டுப் படுத்துவிடுவேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர், உப்பு. சோப்பு நுரைக்காது, முகத்தில் ஒரு படலம்தான் நிற்கும். சில மாதத்தில் கன்னத்தைத் தடவினால் ரவையைத் தொடுகிற மாதிரி, தோலுக்கு அடியில் பொடிப்பொடியாக. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பூசினேன். கோயம்புத்தூரில் தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "முகத்துக்கு என்ன போடறீங்க?"

அழகுசாதனத்தால் வருகிற இந்தப் பருவுக்குத் தனிப் பெயரே உண்டு, 'ஆக்னி காஸ்மெட்டிகா'. 1972-இல் கிளிக்மன், மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது. முயல் காதில் தடவிப் பார்த்துத்தான் எது துளையை அடைக்கும் என்று சோதித்தார்கள். முயல் காதுத் தோல் நம் தோலைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் எந்தப் பொருள் எவ்வளவு அடைக்கும் என்று இணையத்தில் சுற்றுகிற 'இது 4, அது 5' என்ற மதிப்பெண் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். 'நான்-காமிடோஜெனிக்' (non-comedogenic), அதாவது துளையை அடைக்காதது என்று புட்டியில் போட்டிருந்தால் நல்லதுதான், அதைத் தேடியே வாங்குங்கள். ஆனால் அந்த வார்த்தைக்குச் சட்டப்படி பொது அளவுகோல் கிடையாது. கடைசிச் சோதனை நம் கன்னம்தான், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் புதுப் புட்டி வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று. ஃபவுண்டேஷன் நிறத்தைத்தான் மறைக்கும், மேட்டை மறைக்காது. கெட்டியாகப் பூசினால் மேடு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் முகம் முழுக்க மெல்லிசாக, எண்ணெய் சேராத நீர்த்த ஃபவுண்டேஷன். தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும், அதை மறைக்கிற கன்சீலர். நிறத்தைச் சரிக்கட்டுகிற கரெக்டரில் பச்சை, சிவப்புக்குத்தான் உதவும். நமக்குப் பரு போன இடம் பழுப்பாக, கருப்பாக நிற்கும், அதற்கு ஆரஞ்சு சாயல்தான் சரி. ஷேடைக் கை முதுகில் பார்க்காமல் தாடையோரத்தில் தடவிக் கடைக்கு வெளியே வெயிலில் வந்து பாருங்கள். அரை மணி நேரம் பொறுங்கள், சிலது முகத்து எண்ணெய் பட்டதும் கறுத்துவிடும்.

ஃபவுண்டேஷனே கூடாது என்று சொல்லவில்லை. அதிலிருக்கிற இரும்பு ஆக்சைடு நிறமிகள், தழும்பைக் கருக்க வைக்கிற வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும். அடியில் சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும்.

கோபமாகவே ஒன்று சொல்கிறேன். "பத்து நாளில் முகம் பளிச்சுன்னு ஆயிரும்" என்று டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் க்ரீமைத் தயவுசெய்து தொடாதீர்கள். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் தெளியும். போடப் போடத் தோல் மெலியும், நிறுத்தினதும் சிவந்து, பரு முன்னைவிட அதிகமாக வரும். 2018-இலேயே இவற்றை டாக்டர் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தாயிற்று, இருந்தும் கிடைக்கிறது. பருவுக்கு முறையான மருந்து பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கல்யாணப் பெண்கள், குழந்தைக்குத் திட்டம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடாபலீன் அப்போது ஆகாது.

போட்ட மேக்கப்பைத் துடைத்து எடுப்பதற்கு எங்கள் அம்மா சொன்னது தேங்காய் எண்ணெய். செக்கில் ஆட்டின காங்கயத்து எண்ணெய், தலைக்கு அதைவிட நல்லது கிடையாது. பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

மேக்கப் போட வருகிறவரிடமும் பேசிவிட்டோம். பஞ்சும் பிரஷும் அக்கா மகளுடையதுதான். ஒத்திகைக்குப் போட்டதை ஆறு மணி நேரம் கலைக்காமல் வைத்திருந்தாள்.

கடையில் கெட்டியானதை வைத்துவிட்டு, மெல்லிசானதில் கொஞ்சம் மட்டும் குட்டி டப்பாவில் கேட்டு வாங்கி வந்திருந்தோம். மூன்று வாரம் ஒரு கன்னத்தில் மட்டும் போட்டாள். தினமும் ராத்திரி, மேக்கப் எடுக்கிற மைசெல்லர் வாட்டரில் பஞ்சை நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். முதல் பஞ்சு பழுப்பு, இரண்டாவது லேசான மஞ்சள், மூன்றாவது வெள்ளையாகவே வந்துவிடும். இரண்டு கன்னத்தையும் நான் தடவிப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. நேற்றுப் போய் அந்தப் புட்டியை வாங்கி வந்தோம், அவள் நிறத்திலேயே.